திரு. ஃபியட் அவர்களின் குடியேற்றம்

ஜமீல் மாயாபந்தருக்குப் போனது குடை விற்க. திரும்பி வந்தது காரோடு.

அவனைப் பெரிதாகக் குறை சொல்லவும் முடியாது. போர்ட் பிளேரில், அபர்தீன் பஜாரில் குடையும் அரிக்கேன் விளக்கும் கயிறும் விற்கிற கடை அவனுடையது. மழை தொடங்குமுன் ஒரு மூட்டைக் குடையோடு கப்பலேறி வடக்கே போவது வழக்கம். அந்த வருஷம் மாயாபந்தர் ஜெட்டிக்கு மேலே மங்கையர்க்கரசி அம்மாள் நடத்தும் டீக்கடையில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனான். அங்கே பப்பாளி மரத்தடியில் ஒரு கார் நின்றது. அதற்கு மேல்கூரை கிடையாது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது பழைய கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. ஓட்டுகிறவர் இருக்கையில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. ஜமீல் கதவைத் திறந்ததும் அது கோபப்படாமல் எழுந்து, பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. இவனும் ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தான். அவ்வளவுதான், ஆள் காலி.

அதுவரை அவன் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திருந்ததில்லை.

"இத்தாலிக் காரு பாய்" என்றாள் மங்கையர்க்கரசி. "மரக் கம்பெனி மானேஜர் வச்சிருந்தாரு. கம்பெனியை மூடிட்டு மெயின்லாண்டுக்குப் போறப்ப, 'மங்கை, இது இனிமே ஒனக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ரோடே இல்லாத ஊர்ல எனக்கெதுக்குக் காரு? கோழிக்கு ஆச்சு."

"எனக்குத் தர்றியளா?"

"தாராளமா. ஆனா கோழியெல்லாம் எங்க போகும்?"

தகரக் கூரை போட்ட நல்ல கோழிக்கூடு ஒன்று கட்டித் தருவதாக விலை பேசி முடிந்தது. கூடு கட்டி முடித்த அன்றே கோழிகள் குடிபோயின. கார் ஜமீலுக்குச் சொந்தமாயிற்று. அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

அடுத்தது, காரைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக வேண்டும். ஜெட்டியில் டிக்கெட் கொடுத்தவர் இரக்க சுபாவம் உள்ளவர். "லக்கடிக் கட்டை ஏத்தி சாமான் ஜாகா பூரா ஃபுல் ஆயிடுச்சு பாய்" என்றார். "அடுத்த கப்பல் எப்பன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்." ஜமீலின் முகம் வாடியதைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "பாசிஞ்சர் ஜாகா காலி இருக்கு. பாசிஞ்சர் டிக்கெட் போட்டுரட்டா?" என்று கேட்டார்.

"போடுங்க சேட்டா."

"பேரு?"

"ஃபியட்."

"வயசு?"

"பதினஞ்சு இருக்கும்னு அந்த அம்மா சொன்னாங்க."

"அப்ப அரை டிக்கெட் கெடையாது. சொந்த ஊரு?"

"இத்தாலி."

ஆணா பெண்ணா என்ற இடத்தில் டிக்கெட்காரர் பேனாவை நிறுத்தினார். எட்டிக் காரைப் பார்த்தார். முன்னால் இரண்டு விளக்கும் கீழே பல்வரிசை போலக் கம்பியுமாக நின்ற அந்த முகத்தில் மீசைக்கு மட்டுந்தான் குறை. ஆண் என்று எழுதினார்.

இப்படியாக, ஒரு பயணி இறங்குகிற மரியாதையோடு கார் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இறங்கியது. சுமை தூக்குகிறவர்கள் அதைத் தள்ளிக்கொண்டு மேடேறிக் கடை வாசலில் விட்டார்கள். ஜமீலின் மனைவி ஷரீபா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"குடையெல்லாம் வித்துச்சா மச்சான்?"

"வித்துருச்சு."

"இது என்னா?"

"காரு."

ஷரீபா அதைச் சுற்றி வந்தாள். கடைசியில், "எங்கே?" என்று கேட்டாள்.

லாஞ்சுப் படகுகளுக்கு இஞ்சின் பார்க்கும் பன்னீர்செல்வத்தை ஜமீல் கூட்டிவந்தான். பன்னீர்செல்வம் ரோட்டில் ஓடுகிற எதையும் அதுவரை தொட்டதில்லை. அதை முன்கூட்டியே சொல்லியும் விட்டான். மூடியைத் திறந்து வெகுநேரம் தலையை உள்ளே விட்டிருந்தான். "இஞ்சின் டீக் ஹை பாய். பாக்கி சப் கராப்" என்றான். இஞ்சின் நன்றாக இருக்கிறது, மற்றதெல்லாம் கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். பிறகு தனக்குத் தெரிந்த விதத்தில் வேலையைத் தொடங்கினான். முதல் காரியமாகக் கார் தரையிலிருந்த ஓட்டைகளையெல்லாம் தார் வைத்து அடைத்து, இனி எந்த அலை அடித்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்று உறுதி கொடுத்தான். உடைந்த முன்கண்ணாடிக்குப் பதில் லாஞ்சுக் கண்ணாடி வந்தது. ஹார்னும் லாஞ்சுடையதுதான். அதை முதல்முறை அழுத்தியபோது பஜாரில் பாதிப்பேர் மூட்டை முடிச்சோடு ஜெட்டிக்கு ஓடினார்கள். கப்பல் கிளம்புகிறது என்று நினைத்துவிட்டார்கள்.

மேல்கூரை ஷரீபாவின் பொறுப்பு. முதலில் அவள் காரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். பன்னீர்செல்வம் தார்ப்பாய் வைத்து ஒரு கூரை தைக்க முயன்று, அது கொசுவலை போலத் தொங்கியதும் அவளால் பொறுக்க முடியவில்லை. "தள்ளுங்க" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். கடையில் இருந்த குடைத்துணியை வெட்டி, இரட்டையாக மடித்துத் தைத்து, குடைக்கம்பிகளைக் கோத்து அவள் ஒரு கூரை செய்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் பட்டென்று விரியும். மடக்கினால் பின்னிருக்கைக்குப் பின்னால் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். அன்றைக்குப் பிறகு யாராவது காரில் சாய்ந்து நின்றால் மாடியிலிருந்து அவள் குரல் வரும்.

வண்டி ஓடத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போனார்கள். ஓட்டக் கற்றுக்கொண்டு நான்கு நாள்கூட ஆகாத ஜமீல் தென்னைகளுக்குப் பயந்து பயந்து ஓட்டினான். ஷரீபா கூரையை மடக்கச் சொன்னாள். காற்று முக்காட்டை இழுக்க, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "கடை மாடியில எத்தனை வருஷமா கடல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன் மச்சான்" என்றாள். வீடு வரும்வரை கூரையை மூட விடவில்லை. ஜமீலுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அறிவிப்பு வந்தது அதற்கு அடுத்த வாரம்.

'திரு. ஃபியட் அவர்களுக்கு' என்று அது தொடங்கியது. தீவில் வந்திறங்கிக் குடும்பமோ வேலையோ இன்றி இருப்பவர்கள், குடியேறுவோர் மற்றும் கேட்பாரற்றோர் நல அலுவலகத்தில் உடனே ஆஜராக வேண்டும் என்றது. அந்த அலுவலகத்தில் வேலை குறைவு, ஊழியர்கள் அதிகம். எனவே கப்பல்களின் பயணிகள் பட்டியலை ஒவ்வொரு பெயராக அவர்கள் படித்தார்கள்.

விஷயத்தை விளக்கிவிட்டு வரலாம் என்று ஜமீல் கிளம்பினான். காரிலேயே போய் அலுவலகத்துக்குக் கீழே நிறுத்தினான். மாடியில் அதிகாரி பக்தவத்சலம் இருந்தார். கழுத்துப் பித்தானைக்கூடத் தளர்த்தாமல், மின்விசிறிக்கு நேர் கீழே, காகிதங்கள் பறக்காதபடி இரண்டு முழங்கைகளையும் அவற்றின் மேல் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அதனால் அவரால் எதிலும் கையெழுத்துப் போட முடியாது. பக்கத்து மேசையில் எழுத்தர் கிருஷ்ணமூர்த்தி.

"திரு. ஃபியட் எங்கே?" என்று கேட்டார் பக்தவத்சலம்.

"கீழே நிக்கிறாரு... நிக்கிது சார். அது காரு சார்."

பக்தவத்சலம் சன்னல் வழியே பார்த்தார். "காரில் வந்திருக்கிறாரா? பரவாயில்லை. மேலே வரச் சொல்லுங்கள்."

"படி ஏறாது சார்."

"கால் ஊனமா?" என்றார் அவர் உடனே, குரலில் கனிவு வந்துவிட்டது. "கிருஷ்ணமூர்த்தி, குறித்துக்கொள்ளும். நடக்க இயலாதவர். கூடுதல் சலுகை உண்டு."

கிருஷ்ணமூர்த்தி குறித்துக்கொண்டார்.

"சார், அது மனுசன் இல்ல. மோட்டார் காரு. நாலு சக்கரம் இருக்கு."

பக்தவத்சலம் நாற்காலியில் சாய்ந்தார். கேள்வி கொள்கை அளவுக்கு உயர்ந்துவிட்டால் அவர் சாய்ந்துகொள்வது வழக்கம். "மிஸ்டர் ஜமீல், வங்காளத்திலிருந்து வருகிறார்கள், கேரளத்திலிருந்து வருகிறார்கள், சிலோனிலிருந்து வருகிறார்கள். வருகிறவர் மனிதர்தானா என்று இந்த அலுவலகம் ஒருநாளும் ஆராய்ந்தது கிடையாது. டிக்கெட் இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்போம். இவருக்கு டிக்கெட் இருக்கிறது. டிக்கெட்டில் கார் என்று எழுதியிருக்கிறதா?"

"இல்ல சார். அது ஒரு தப்பு..."

"தவறைத் திருத்த விதி இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் தவறு நடந்திருக்க வேண்டும். இந்த அலுவலகத்தில் இதுவரை தவறு நடந்ததே இல்லை. போய் வாருங்கள்."

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் சலுகைகள் வந்து சேர்ந்தன. திரு. ஃபியட்டுக்குக் கேம்பல் பேயில் காட்டு நிலம் ஒதுக்கியிருந்தார்கள். தெற்குக் கோடியில், அப்போதுதான் காடு வெட்டி ஆட்களைக் குடியேற்றிக்கொண்டிருந்த ஊர் அது. நிலத்தோடு ஒரு கோடாலி, ஒரு மண்வெட்டி, விதைநெல், ஒரு கம்பளி. உழவுக்கு ஒரு ஜோடி எருமை. எருமைகளைக் கடை வாசலில் விட்டுவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாகத் திரு. ஃபியட்டின் கைநாட்டுக் கேட்டான் சேவகன். வேறு வழி தெரியாமல் ஜமீல் டயரில் மை தடவிக் கொடுத்தான். சேவகன் அதைப் பார்த்து, "உழைச்ச கை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"இழுக்கிற சக்தி கொஞ்சம் கம்மியா இருக்குன்னு போன வாரந்தான் பாய் சொன்னேன்" என்றான் பன்னீர்செல்வம், எருமைகளைப் பார்த்து. "சர்க்கார் அதுக்குள்ள ரெண்டு அனுப்பிருச்சே!"

ஷரீபாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஜமீல் மட்டும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாதம் பிறந்தால் எழுத்தர் கிருஷ்ணமூர்த்தி ஒவ்வொரு குடியேறியும் எவ்வளவு காடு வெட்டினார், எவ்வளவு நெல் விளைவித்தார் என்று எழுத வேண்டும். ஒருநாள் கடைக்குக் குடை வாங்க வந்தவர், திரு. ஃபியட்டின் விளைச்சல் இப்போது கேம்பல் பேயிலேயே முதலிடத்தில் இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"என்ன சார் சொல்றிய? வண்டி இங்கல்ல நிக்கிது!"

"அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா ஏன் காலின்னு கேப்பாங்க பாய். நெறச்சு எழுதினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. போன மாசம் எழுதினதைவிட இந்த மாசம் கொறைச்சு எழுத முடியுமா? அதுக்கும் காரணம் கேப்பாங்க. அப்படியே ஏறிட்டுப் போகுது."

"எதுவரைக்கும் ஏறும்?"

"டெல்லி வரைக்கும் ஏறிடுச்சு" என்றார் கிருஷ்ணமூர்த்தி. குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "பெரியவர் ஒருத்தர் வர்றாராம். சிறந்த குடியேறிக்குப் பரிசு கொடுத்துட்டு, மறுநாள் கேம்பல் பேக்குக் கப்பல்ல போய் அந்த வயலைக் கண்ணால பாக்கணுமாம்."

அதோடு போயிருந்தால் சரி. இரண்டு நாளில் ஜமீலுக்குத் தனியாக ஒரு உத்தரவு வந்தது. ஒதுக்கிய நிலத்துக்குப் போகவிடாமல் திரு. ஃபியட்டைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தி, அவர் மேல் ஏறிச் சவாரியும் செய்துவருவதாகத் தகவல் கிடைத்திருக்கிறது. பரிசளிப்பு முடிந்த கையோடு அவரைக் கேம்பல் பே கப்பலில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் ஒரு மனிதரை அடைத்துவைத்த குற்றத்துக்கு வழக்கு.

ஜமீல் ஓடினான். அதிகாரி பக்தவத்சலம் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"மிஸ்டர் ஜமீல், அடிமை முறை ஒழிந்து எவ்வளவு காலமாகிறது தெரியுமா? ஒரு குடியேறியைச் சொந்தம் கொண்டாட நீங்கள் யார்?"

"நாந்தான் சார் வாங்குனேன். கோழிக்கூடு கட்டிக் குடுத்து வாங்குனேன்."

"ஒரு மனிதருக்கு விலை கோழிக்கூடா!" என்று பக்தவத்சலம் கண்ணை மூடிக்கொண்டார். கிருஷ்ணமூர்த்தி பேனாவை மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து ஜமீல் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். கேம்பல் பேயில் இறக்கினால் மழையிலும் உப்புக்காற்றிலும் ஒரு பருவத்துக்குள் கார் மண்ணாகிவிடும். மறுபடி கோழி உட்காரவும் மிஞ்சாது. ஷரீபா கூரைத் துணியின் ஓரத்தில் பிரிந்த தையலைப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"குடும்பம் இல்லாதவங்களைத்தானே மச்சான் அங்க அனுப்புறாங்க?"

"ஆமா."

"அப்ப சரி" என்று நூலைப் பல்லால் கடித்தாள். "எனக்கும் ஒரு எடம் போட்டு வைங்க. நானும் வாறேன் விழாவுக்கு."

விழா மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். காரை மெழுகு தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கியிருந்தான் பன்னீர்செல்வம். ஜமீல் ஓட்ட, பக்கத்தில் ஷரீபா உட்கார்ந்திருக்க, கார் மேடைக்கு எதிரே போய் நின்றது. டெல்லிப் பெரியவர் அந்த மாதத்தில் பார்த்த எத்தனையாவது விழா அது என்று அவருக்கே தெரியாது. ஒரு கையில் மாலையைக் கொடுத்து, தோளைப் பிடித்து எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குப் போட்டுவிடும் பழக்கத்துக்கு அவர் வந்திருந்தார். பக்தவத்சலம் திருப்பினார். பெரியவர் காரின் முன்விளக்குகளுக்கு மாலையைப் போட்டு, மூடியை இரண்டு தட்டுத் தட்டினார்.

கூட்டம் கைதட்டியது. பந்தலுக்கு வெளியே மழை கொட்டியதால் யாருக்கும் எழுந்துபோக மனம் வரவில்லை.

"ஏன் இவர் பேசவில்லை?" என்று கேட்டார் பெரியவர்.

"அடக்கம்" என்றார் பக்தவத்சலம்.

பெரியவர் நெகிழ்ந்துபோனார். ஒலிபெருக்கியைப் பிடித்தார். அவர் இந்தியில் பேச, பக்தவத்சலம் தமிழில் சொன்னார்.

"சகோதர சகோதரிகளே! இந்தத் தீவுகளுக்கு நான் பலமுறை வந்திருக்கிறேன். எங்கே இறங்கினாலும் மனு. தண்ணீர் இல்லை என்கிறார்கள், ரோடு இல்லை என்கிறார்கள், டாக்டர் இல்லை என்கிறார்கள். கேட்டுக் கேட்டு என் காது நோகிறது. ஆனால் இதோ நிற்கிறாரே, இவர் ரோடு கேட்டாரா? கேட்கவில்லை! டாக்டர் கேட்டாரா? கேட்கவில்லை! வந்ததிலிருந்து இவரிடமிருந்து ஒரு மனுகூட வரவில்லை. வாய் திறக்காமல் உழைக்கிறார். அரசாங்கம் ஆசைப்படுகிற குடிமகன் இப்படித்தான் இருக்க வேண்டும். எல்லோரும் இவரைப்போல் இருந்துவிட்டால் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை!"

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த உண்மையான குடியேறிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நின்றிருந்த பன்னீர்செல்வம் மட்டும், "தண்ணி கேக்கும் சார், ரேடியேட்டருக்கு" என்று முணுமுணுத்தான்.

"நாளைக்கே இவருடைய வயலை நேரில் பார்க்கப்போகிறேன்" என்று பெரியவர் தொடர்ந்தார். பக்தவத்சலம் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அடர்ந்த காட்டைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்பது அவருக்கு அந்த நேரத்தில்தான் முழுசாக உறைத்தது. "போவதற்கு முன்னால், அரசாங்கம் இவருக்கு என்ன செய்ய வேண்டும்? கேட்கட்டும்!"

எல்லோரும் காரைப் பார்த்தார்கள். ஷரீபா கையை நீட்டி ஹார்னை அழுத்தினாள்.

பந்தலே அதிர்ந்தது. ஜெட்டிக்குப் போக வேண்டியவர்கள் வழக்கம்போல் எழுந்து ஓடினார்கள். பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்கிறார்?" என்றார்.

ஷரீபா எழுந்து நின்றாள். பஜாரில் வங்காளிகளோடும் தெலுங்கர்களோடும் பேசிப் பழகிய இந்தி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. "ஸாப், பரிவார் கே ஸாத் ரஹ்னா மாங்தா ஹை" என்றாள். குடும்பத்தோடு இருக்க வேண்டுமாம்.

"குடும்பமா? இவருக்குக் குடும்பம் உண்டா?"

"ஏன் இல்லாம? இவர் மச்சான், நான் ஷரீபா. நாங்கதான் குடும்பம்" என்றாள், ஜமீலைக் காட்டி, அதே இந்தியில். பிறகு காரைத் தொட்டாள். "இவருக்கு மழை ஆகாது. தலைக்குத் துணி தைச்சுப் போடுறது நான். குளிப்பாட்டுறது மச்சான். இவரைக் கொண்டுபோய்க் காட்டுல விட்டா ரெண்டு நாள் தாங்க மாட்டாரு. வயலெல்லாம் சர்க்காரே வச்சுக்கட்டும். எங்களுக்கு ஒண்ணும் வேணாம்."

ஒன்றும் வேண்டாம் என்ற வார்த்தை பெரியவரின் காதில் தேனாகப் பாய்ந்தது. அவர் பக்தவத்சலத்தைப் பார்த்தார். கேம்பல் பே வயலைப் பார்க்க யாரும் போகாமல் தடுக்கிற எதையும் ஏற்கத் தயாராயிருந்த பக்தவத்சலம் ஒலிபெருக்கிக்குப் பாய்ந்தார்.

"விதி இருக்கிறது!" என்று கத்தினார். "குடும்பம் உள்ளவரைக் குடும்பத்திடமிருந்து பிரிப்பது மனிதாபிமானம் ஆகாது! நிலத்தை அரசு திரும்ப ஏற்றுக்கொள்கிறது. நிலமே இல்லாதபோது பார்வையிட வேண்டிய அவசியமும் இல்லை!"

கிருஷ்ணமூர்த்தி அங்கேயே ஒரு நாற்காலிமேல் வைத்துக் குடும்ப அட்டை ஒன்றை எழுதிக்கொடுத்தார். பெரியவர் கையெழுத்துப் போட்டார். பக்தவத்சலம் அன்றுதான் முழங்கைகளைத் தூக்கி, தானும் ஒன்று போட்டார். எருமைகள் நிஜமான குடியேறி ஒருவருக்காகக் கேம்பல் பே கப்பலேறின. சாமான் இடம் அன்று காலியாக இருந்தது. அவற்றைச் சாமானாகவே ஏற்றினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலையில் இருவரும் காரில் வந்துகொண்டிருந்தார்கள். மணிக்கூண்டுப் பக்கத்தில் ஊருக்குப் புதிய போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார்.

"காடி கா மாலிக் கௌன்?" என்று அதட்டினார்.

வண்டிக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் காட்டுவதற்கு ஜமீலிடம் இருந்தது ஒரே ஒரு அட்டைதான். அதை எடுத்து நீட்டினான். போலீஸ்காரர் படித்தார். குடும்பத் தலைவர்: திரு. ஃபியட், சிறந்த குடியேறி விருது பெற்றவர். அவரை அண்டி வாழ்பவர்கள்: ஜமீல், ஷரீபா. கீழே டெல்லிக் கையெழுத்து, முத்திரை.

போலீஸ்காரர் ஜமீலைப் பார்த்தார். ஷரீபாவைப் பார்த்தார். அட்டையை மறுபடி படித்தார். பிறகு நேராக வண்டியின் முன்பக்கம் நடந்துபோய், இரண்டு விளக்குகளுக்கும் நடுவில் விறைத்து நின்று சலாம் வைத்தார்.

"ஜாயியே ஸாப்" என்று வழிவிட்டார்.

ஜமீல் வண்டியைக் கிளப்பினான். மேடு தொடங்கியதும் இஞ்சின் திணறி இழுத்தது. ஷரீபா குனிந்து, பெடலை மிதித்திருந்த அவன் முழங்காலைத் தட்டினாள்.

"மெதுவாப் போங்க மச்சான். வீட்டுப் பெரியவருக்கு மூச்சு வாங்குதுல்ல?"